கச்சானுக்கு நான் கட்டிய வேலி

எனக்குத் தமிழ் தெரியாது. சாதாரண தரப் பரீட்சையில் தமிழுக்கு 'ஏ' எடுத்தவன்தான். அந்தப் பெறுபேற்றை அம்மா கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியும் வைத்திருக்கிறார். ஆனாலும் தெரியாது. இந்த உண்மையை, இருபத்தைந்து வயதில், மன்னார்த் தீவில் ஒரு வீட்டின் பின்வளவில், கையில் வெறும் ஓலைக் கடகத்தோடும் வாய் நிறைய மணலோடும் நின்றபோதுதான் அறிந்துகொண்டேன்.

நீங்களாவது என்னைப் போலக் குழம்பக்கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கச்சான் என்றால் நிலக்கடலை. மன்னார்க் கரையில் கச்சான் என்றால் தென்மேற்கிலிருந்து வைகாசி தொடங்கி மாதக்கணக்காக அடிக்கும் காற்று. (நிலக்கடலைக்கும் அங்கே அதே பெயர்தான். கடல்காரர் இரண்டையும் ஒருநாளும் மாறிப் புரிந்துகொள்வதில்லை. எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.) நான் தீவைச் சேர்ந்தவன் அல்ல. மடுவுக்குப் போகும் வழியில் உள்ள ஒரு வயல் கிராமம் எங்களுடையது. எங்கள் பக்கத்தில் அந்தக் காற்றுக்குச் சோளகம் என்று பெயர். நெல்லுத் தூற்ற உதவுகிற, நல்ல குணமுள்ள காற்று.

எங்கள் வீட்டில் ஐயாவுக்குப் பெருவிரல்தான் கையெழுத்து. முதன்முதலில் பரீட்சை எழுதியது நான். விவசாயம் படித்ததும் நான். "என்ர மகன் மண்ணைப் பாத்தே சொல்லுவான்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். (எதைச் சொல்லுவான் என்று அம்மா சொன்னதில்லை. எனக்கும் தெரியாது.) படிப்பு முடிந்து, விவசாயப் போதனாசிரியராகப் பயிற்சிக்கு என்னைத் தீவுக்கு அனுப்பினார்கள். தலைமன்னார் வீதியில் ஒரு கடற்கரைக் கிராமம். அங்கே ஒரு மாதிரி வீட்டுத்தோட்டம் போட்டுக் காட்டவேண்டும். அதுதான் எனக்குத் தந்த வேலை.

யாரும் வளவு தரவில்லை. "மணலுக்குள்ள என்னத்தை நடப்போறீர்?" என்று சிரித்தார்கள். கடைசியில் இடம் தந்தது, நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரி பிலோமினா அக்கா. அவருக்கு ஒரு காரணம் இருந்தது.

அக்காவின் கணவர் மரியதாஸ் அண்ணைக்கு ஒரு வள்ளம் இருந்தது. வருடத்தில் கடல் கொந்தளிக்கிற நாலைந்து மாதம் அந்த வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடக்கும். அந்த மாதங்களில் மீன் இல்லை. மீன் இல்லாவிட்டால் மரக்கறி வாங்கவும் வழியில்லை. அப்போதெல்லாம் அக்கா போய் நிற்கவேண்டிய இடம் அண்ணையின் தங்கை றெஜினா வீட்டுப் படலை. றெஜினா மச்சாளின் வளவு பனங்கூடலுக்குப் பின்னால், காற்றுப் படாத பக்கத்தில் இருந்தது. கத்தரி, வெண்டி, முருங்கை எல்லாம் அங்கே காய்க்கும். கொடுப்பார். ஆனால் சும்மா கொடுக்கமாட்டார். கூடவே ஒரு சொல்லும் கொடுப்பார்.

"போன வருசம் என்ன சொன்னவள் தெரியுமோ தம்பி?" என்றார் அக்கா. "'மச்சாள், நீங்கள் எட்டு மாசம் ராசாத்தி, நாலு மாசம் என்ர வாசல்ல' எண்டாள். ரெண்டு கத்தரிக்காய்க்கு இந்தக் கதை. இந்த வருசம் நான் அந்தப் படலையைத் திறக்கமாட்டன். அதுக்குத்தான் உங்களுக்கு வளவு தாறன்."

"திறக்கத் தேவையே வராது அக்கா" என்றேன். மார்பில் கைவைத்தேன் என்றுகூட நினைவு.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "எல்லாம் சரி. ஆனா இந்தத் தோட்டம் கச்சானுக்கு நிக்குமோ?"

"கச்சானுக்கோ? அக்கா, கச்சானுக்கு இதைவிட நல்ல இடம் இலங்கையிலேயே இல்லை!"

"அதைத்தானே நானும் சொல்லுறன். இஞ்சதான் அது நல்லா விளையாடும்."

'விளையும்' என்பதைத்தான் அக்கா 'விளையாடும்' என்கிறார் என்று நினைத்து, மனதுக்குள் திருத்திக்கொண்டேன். (தமிழுக்கு 'ஏ' எடுத்தவன் அல்லவா.)

தை மாதம் வேலை தொடங்கியது. வாடைமழை விட்ட ஈரம் இன்னும் மண்ணுக்குள் இருந்தது. கத்தரியும் வெண்டியும் மிளகாயும் பாத்தி கட்டி நட்டேன். பயற்றைக் கொடிக்குப் பந்தல் போட்டேன். ஓரத்தில் பன்னிரண்டு மரமுந்திரிகைக் கன்றுகள். அவற்றுக்கு நடுவே நிலம் சும்மா கிடக்கக்கூடாது என்று புத்தகத்தில் இருந்ததால், பங்குனியில் அங்கே நிலக்கடலை விதைத்தேன்.

"முந்திரிகை காய்க்க எத்தினை வருசம் தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"மூண்டு வருசம் அக்கா."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் வருசா வருசம் கச்சான்தான்."

அக்கா பெருமூச்சு விட்டார். "அது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே" என்றார். நிலக்கடலையை நினைத்து இப்படிப் பெருமூச்சு விடும் ஒரு பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இதற்கிடையில் விவசாயக் கந்தோருக்கு அறிக்கை எழுதவேண்டியிருந்தது. கொப்பியும் பேனையுமாக மரியதாஸ் அண்ணையிடம் போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இஞ்ச கச்சான் எந்த மாசம்?"

"வைகாசியில தொடங்கும். ஆனி, ஆடியில பேய்க் கச்சான்."

'இப்பகுதியில் பேய்க் கச்சான் என்னும் உள்ளூர் இனம் ஒன்று உள்ளது' என்று எழுதினேன். அடியில் இரண்டு கோடும் போட்டேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத இனம்! "அண்ணை, அந்தப் பேய்க் கச்சானில எனக்குக் கொஞ்சம் பிடிச்சுத் தரலாமோ? விதைக்கு."

அண்ணை வலையைக் கீழே வைத்தார். என்னை நன்றாகப் பார்த்தார். "ஓம் தம்பி, அதுக்கென்ன. ஆனி மாசம் ஒரு சாக்கை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு கரையில வந்து நில்லுங்கோ" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "இஞ்சேரும், பொடியனுக்கு வெயில் பட்டிட்டுது. ஒரு தேசிக்காய்த் தண்ணி குடும்" என்றார்.

தேசிக்காய்த் தண்ணீர் நன்றாக இருந்தது. 'சாக்கு தேவை' என்றும் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

சித்திரையில் கத்தரி பூத்தது. அக்கா காலையும் மாலையும் வந்து பூக்களை எண்ணினார். ஒருநாள் எண்ணி முடித்துவிட்டு, தென்மேற்கு மூலையைக் காட்டினார். அங்கே ஆளுயரத்துக்கு ஒரு பழைய பனையோலை வேலி இருந்தது. இரண்டு மூன்று இடத்தில் கிழிந்திருந்தது.

"தம்பி, நாள் கிட்டுது. கச்சானுக்கு வேலியைப் பாக்கவேணும்."

"நானும் அதைத்தான் யோசிச்சனான் அக்கா. இந்த வேலி கூடாது. பின்னேரம் முழுக்க நிழல் விழுகுது. கச்சானுக்கு வெயில் வேணும். இதைப் பிடுங்கிப்போட்டு, முழங்கால் உயரத்துக்கு ஒரு மட்டை வேலி கட்டினாக் காணும்."

"முழங்கால் உயரமோ?"

"அதுக்கு மேல கச்சான் வராது அக்கா."

அக்காவின் முகத்தில் அப்போது வந்ததை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். படித்த பிள்ளை ஏதோ புது வழி கண்டுபிடித்திருக்கிறது என்று அவர் உண்மையாகவே நம்பினார். மரியதாஸ் அண்ணை மட்டும் படியில் இருந்தபடி, "கச்சானுக்கு அறிவிச்சுப்போட்டீங்களோ தம்பி, முழங்காலுக்கு மேல வரக்கூடாதெண்டு?" என்று கேட்டார்.

பகிடி என்று சிரித்தேன். இரண்டு நாளில் பழைய வேலியைப் பிடுங்கினேன். புது வேலியை அளவுகோல் வைத்துக் கட்டினேன். தீவில் சொந்தக்காரர் இல்லாமல் திரியும் கட்டாக்காலிக் கழுதைகளுக்குக் குறைவில்லை. அதில் ஒன்று வந்து, நின்று பார்த்து, காலைத் தூக்கி வேலியைக் கடந்து, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி காலைத் தூக்கிக் கடந்து போயிற்று. தின்றிருந்தாலும் பரவாயில்லை. இரக்கப்பட்டதுபோலப் போனது.

வைகாசியில் ஒரு காலை. நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அக்கா கத்தினார்:

"தம்பி! ஓடி வாங்கோ! கச்சான் வந்திட்டுது!"

என் கணக்குப்படி இன்னும் ஒரு மாதம் இருந்தது. முன்கூட்டியே விளைந்துவிட்டது! மாதிரித் தோட்டம் என்றால் இதுவல்லவா மாதிரி! கடகத்தை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் பறந்தேன்.

வீட்டு மூலையைத் திரும்பியதுதான் தெரியும். முகத்தில் யாரோ ஒரு சாக்கு மணலைக் கொட்டியதுபோல் இருந்தது. பயற்றைப் பந்தல் ஒரு பக்கமாகச் சரிந்து, பிறகு எழுந்து, பிறகு மதிலுக்கு மேலால் போயிற்று. இடுப்பில் கட்டியிருந்த சாரம் தலைக்கு மேலே ஏறப் பார்த்தது. நான் ஒரு கையால் சாரத்தையும் மறுகையால் கடகத்தையும் பிடித்துக்கொண்டு நின்றேன். (எதை விடுவது என்று ஒரு கணம் யோசித்ததை ஒப்புக்கொள்கிறேன்.)

"அக்கா! கச்சான் எங்க?" என்று கத்தினேன்.

"இது!" அக்கா ஆகாயத்தைக் காட்டினார்.

"எது?"

"இதுதான்!"

"இது காத்து அக்கா! கச்சான் எங்க?"

அக்கா கையைக் கீழே போட்டார். என்னைப் பார்த்தார். கடகத்தைப் பார்த்தார். முழங்கால் உயர வேலியைப் பார்த்தார். நாலு மாதமாக நாங்கள் பேசியதெல்லாம் அவருக்குள் ஒவ்வொன்றாகத் திரும்ப ஓடுவதை அவர் கண்ணில் கண்டேன். எனக்குள்ளும் ஓடிற்று. விளையாடும். பேய்க் கச்சான். சாக்கு.

"கடவுளே" என்றேன். வாய் திறந்ததால் மணல் உள்ளே போயிற்று.

நாலு நாள் விடாமல் அடித்தது. ஐந்தாம் நாள் தோட்டம் இருந்த இடம் கடற்கரை மாதிரி நெளிநெளியாய், அழகாய் இருந்தது. கத்தரியில் குச்சிகள் மட்டும் மணலுக்கு மேலே தெரிந்தன. அக்கா குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். திட்டவில்லை.

"நூத்துப் பதினாலு பூ எண்ணினனான்" என்றார்.

திட்டியிருக்கலாம்.

ஆனியில் கந்தோரிலிருந்து என் மேலதிகாரி, பெரிய மிஸ், தோட்டம் பார்க்க வந்தார். குடையை விரிக்கப் பார்த்து, அது உட்புறம் வெளிப்புறமாகியதும் மடக்கிக்கொண்டார்.

"தோட்டம் எங்க?"

"கீழ இருக்கு மிஸ்."

"வேலி?"

"அதுவும் கீழதான் மிஸ்" என்றார் அக்கா.

மிஸ் என் அறிக்கையைத் திறந்து, "இந்தப் பேய்க் கச்சான் இனத்தையாவது காட்டும் பாப்பம்" என்றார். மரியதாஸ் அண்ணை எழுந்து உள்ளே போய்விட்டார். உள்ளிருந்து அவர் சிரிப்பது, அந்தக் காற்றிலும் கேட்டது. பயிற்சிக்காலம் எனக்கு இன்னும் ஆறு மாதம் நீட்டப்பட்டது.

ஆனால் அதைவிடப் பெரிய தண்டனையை அக்கா ஏற்கெனவே தந்திருந்தார். தோட்டத்தை மணல் மூடிய அந்தக் கிழமையே, காய்கறி வாங்குகிற ஒரு பன்பையை என் கையில் வைத்தார். அதுவரை 'நீங்கள்' என்றவர், அன்றைக்கு 'நீர்' என்றார்.

"நான் அந்தப் படலைக்குப் போறேல்லை எண்டு சொன்னனான். போகமாட்டன். வேலியைப் பிடுங்கினது நீர். நீர் போம்."

ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள், கால்சட்டையும் சேட்டும் போட்ட அரசாங்க விவசாயப் போதனாசிரியர் ஒருவர், கத்தரிக்காய்க்குப் பன்பையோடு றெஜினா மச்சாளின் படலையில் போய் நின்றார். மச்சாள் அவசரப்படாமல் வருவார். பையை வாங்குவார். முகத்தை மிகவும் பணிவாக வைத்துக்கொண்டு கேட்பார்:

"என்ன தம்பி, இந்த முறை கச்சான் நல்லமோ?"

எந்தக் கச்சானைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. 'நல்லம்' என்றால் காற்று நல்லம் என்றாகும். அது அக்காவுக்குத் துரோகம். 'நல்லமில்லை' என்றால் என் நிலக்கடலை நல்லமில்லை என்றாகும். அது நான் படித்த படிப்புக்குத் துரோகம். "இருக்குது" என்று சொல்லிவைப்பேன். மூன்று மாதமாக இதே கேள்வி, இதே பதில். ஒருநாள் மச்சாளால் அடக்க முடியாமல் படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்து, பையில் இரண்டு முருங்கைக்காய் கூடுதலாகப் போட்டார். "மச்சாளிட்டச் சொல்லும், இது உம்மட கதைக்கு" என்றார்.

அதை அப்படியே போய்ச் சொன்னேன். "வேற ஒரு சொல்லும் சொல்லேல்லையோ?" என்று அக்கா முருங்கைக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் பையை அவரே எடுத்துக்கொண்டு போனார். போனவர் மத்தியானமாகியும் வரவில்லை. தேடிப் போனேன். இருவரும் முற்றத்தில் கதிரை போட்டு இருந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தன் முழங்காலில் கையை வைத்து உயரம் காட்டிக்கொண்டிருந்தார்.

புரட்டாதிக் கடைசியில் காற்று விழுந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஆளுயரத்துக்கும் மேலே இரட்டை ஓலை வைத்து வேலி கட்டினேன். மரியதாஸ் அண்ணை கூட நின்று கட்டினார். மழையோடு மறுபடி எல்லாம் நட்டேன். பன்னிரண்டு முந்திரிகைக் கன்றில் மூன்று தப்பியிருந்தன. இப்போது அவை காய்க்கின்றன. மூன்றும் வடகிழக்குப் பக்கமாகச் சரிந்து, யாருக்கோ இடம் விட்டு ஒதுங்கியதுபோல் நிற்கின்றன. அடுத்த கச்சானுக்கு அக்காவின் கத்தரி நின்றது. அந்த வருடமும் அவர் மச்சாள் வீட்டுக்குப் போனார், கொடுக்கப் போனார்.

எனக்கு இடமாற்றம் வந்து வருடங்கள் ஆகிவிட்டன. போன ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கு அக்கா குடும்பத்தோடு போயிருந்தேன். றெஜினா மச்சாளும் வந்திருந்தார். கோயில் பக்கம் காட்டுக்குள் ஓர் இலைகூட அசையவில்லை. அப்படி ஒரு புழுக்கம். கடைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தோம். எனக்குப் பின்னால் ஒரு பெண் திடீரென்று உரத்த குரலில் கூப்பிட்டார்:

"கச்சான்! கச்சான்!"

இரண்டு கையாலும் தலையிலிருந்த தொப்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது, கச்சான் வறுத்து விற்கும் அம்மா அளக்கிற சுண்டும் கையுமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மரியதாஸ் அண்ணை, அக்கா, மச்சாள் மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். மானத்தைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. தொப்பியைக் கழற்றி, கவிழ்த்து, அந்த அம்மாவிடம் நீட்டினேன்.

"இதுக்குள்ள ரெண்டு சுண்டு போடுங்கோ."

அதற்குப் பிறகு அக்கா வீட்டில் எனக்குக் கச்சான் தட்டில் வருவதில்லை. நான் போனால், அக்காவின் மகளுடைய பள்ளிக்கூடத் தொப்பியைத் தேடி எடுத்து, கழுவித் துடைத்து, அதில்தான் கொண்டுவந்து வைக்கிறார்கள்.