நாலு இன்ச் மணல்

இந்த நவராத்திரிக்குத் தொட்டியை நகர்த்துவதில்லை என்று முடிவெடுத்தேன். வேதாவிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் என் முடிவெல்லாம் வெறும் யோசனையாகிவிடும்.

ஹைதராபாத் மல்காஜ்கிரியில் எங்களுடையது சின்ன ஃபிளாட். ஹாலில் உருப்படியான சுவர் ஒன்றே ஒன்று. அதன் ஓரத்தில் என் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி. உள்ளே ஒரே ஒரு மீன், என்னைப் போலவே உம்மென்று இருக்கும். ஆபீஸ் விட்டு வந்து அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கும். இந்த வீட்டில் நான் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்கும் ஜீவன் அது ஒன்றுதான். கொலு வந்தால் வேதா அந்தச் சுவரில் படி கட்டுவாள். தொட்டி வாஷிங் மெஷின் பக்கத்துக்குப் போய்விடும். அங்கே நாற்காலி போட இடமில்லை. போன வருஷம் ஒன்பது நாளும் நின்றுகொண்டே சோகப்பட்டேன்.

ஆகவே ஒரு மூட்டை மணல் வாங்கித் தொட்டியில் கொட்டினேன். ஒரு இன்ச் மணல் நாலு இன்ச் ஆனது.

"எதுக்குங்க இவ்வளவு மண்ணு?"

"மீனோட ஆரோக்கியத்துக்கு. ஆனா ஒரு சிக்கல், வேதா. ஆழமான மணல்ல அடியில விஷவாயு சேரும். தொட்டியை அசைச்சா கிளம்பி வந்து மீன் செத்துடும்."

"ஹவ்வா?" என்றாள். ஹைதராபாத் வந்த பிறகு 'அப்படியா' என்பதை இப்படித்தான் கேட்கிறாள், நம்பாதபோது மட்டும்.

"கொலுவுக்கு நகர்த்தலாம்னுதான் நினைச்சேன். என்ன பண்றது."

"மண்ணு கம்மியா இருந்தா நகர்த்தலாமா?"

"தாராளமா. நம்மகிட்டதான் நாலு இன்ச் இருக்கே."

தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். கல்யாணமான நாளாக அவள் வாதாடாமல் போனதே இல்லை.

மறுநாள் பிளாஸ்டிக் பையில் ஒரு மீனோடு வந்தாள். வெள்ளை உடம்பு, மஞ்சள் தலை.

"தனியா இருக்குதேன்னு பாவமா இருந்தது. துணைக்கு வாங்கினேன்."

"மீனுக்கா?"

"உங்களுக்கும்தான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்டவளிடம் விஷவாயுக் கதை விட்டோமே என்று மனசு உறுத்தியது.

புது மீன் வந்ததும் வராததுமாக வேலையில் இறங்கியது. வாய் நிறைய மணலை அள்ளும், மேலே போய்த் துப்பும், மறுபடி அள்ளும். தொட்டியின் மூலையில் ஒரு கண்ணாடித் தடுப்பு உண்டு. ஓவர்ஃப்ளோ என்பார்கள். தண்ணீர் அதற்குள் வழிந்து கீழே இருக்கும் சின்னத் தொட்டிக்குப் போகும், மோட்டார் அதை மேலே ஏற்றும். அந்த மூலையில் மணல் ஒரு இன்ச்சுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பாலபாடம். நான் அங்கேயும் நாலு இன்ச் கொட்டியிருந்தேன். மீன் அதைக் குன்றாக்கியது, குன்றை அள்ளித் தடுப்புக்குள் துப்பியது. மகாளய அமாவாசையன்று காலை மோட்டார் மணலை விழுங்கி, முனகி, நின்றது.

தண்ணீர் அசையவில்லை. என் பழைய மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பார்க்கவே எனக்கு அழுகை வந்தது.

"பக்கெட் வேணுமாங்க?" வேதா இரண்டு பக்கெட்டோடு தயாராக நின்றாள்.

காற்றுக்குழாயைப் போட்டதும் மீன் கொஞ்சம் தெளிந்தது. பிறகு, மோட்டார் மறுபடி அடைக்கக் கூடாதென்று டியூபை வைத்து மணலை உறிஞ்சி வெளியே எடுத்தேன். கூடவே பாதித் தண்ணீரும் போனது. மோட்டாரைக் கழுவி ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. மீன் பிழைத்துவிட்டது. எனக்கும் உயிர் வந்தது.

"இப்ப எவ்வளவு மண்ணு இருக்கு?"

"ஒரு இன்ச்." சொன்ன பிறகுதான் உறைத்தது.

"அப்போ தாராளமா நகர்த்தலாம். பாதித் தண்ணியும் போயிடுச்சு, கனமும் இருக்காது."

நான் மஞ்சள் தலையைப் பார்த்தேன். அது அடுத்த வாய் மணலை அள்ளிக்கொண்டிருந்தது.

"வேதா, இது மண்ணை இப்படி வாரும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? அந்தக் கடையில இதைவிட அழகான மீனெல்லாம் இருந்தது. நீங்க அந்தப் பக்கம் பிடிங்க."