மறக்க மறுத்த ரேம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு நடந்த ஒரே உருப்படியான காரியம், கட்டடப் பராமரிப்புத் துறையின் தலைமை அதிகாரி 'கணினி விழிப்புணர்வுப் பயிற்சி'க்குப் போய்த் திரும்பியதுதான்.

வந்த கையோடு கூட்டம் போட்டார்.

"ஒரு காலத்துல கம்ப்யூட்டருக்கு மூளை பலகை பலகையா சிதறிக் கிடந்துச்சு. எல்லாத்தையும் திரட்டி விரல் நகம் அளவு சில்லுக்குள்ள அடைச்சாங்க. அதான் மைக்ரோபிராசஸர். முதல்ல ஒரு தடவைக்கு நாலு பிட் தூக்குச்சு. அப்புறம் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. இதுலேருந்து நாம என்ன கத்துக்கணும்?"

பதிலையும் அவரே சொன்னார்.

"மூளை ஒரே இடத்துலதான் இருக்கணும். இனிமே அது என் ரூம்ல இருக்கும்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அன்றே சீரமைப்பு தொடங்கியது. யார் எதைக் கேட்டாலும் "விதியில இடமில்ல" என்று மட்டுமே சொல்லிவந்த கண்காணிப்பாளர், மாற்றி எழுத முடியாத நினைவகமான 'ரோம்' ஆனார். அவரிடம் எதையும் சீரமைக்க வேண்டியிருக்கவில்லை. கோப்பு சுமக்கும் ஊழியர், கணினிக்குள் தகவலைச் சுமந்து செல்லும் தடமான 'பஸ்' ஆனார். அவர் மனைவி, "அப்போ டிரைவர் உத்தியோகமா?" என்று பூரித்துப்போனாளாம். எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் தட்டச்சருக்கு 'ரேம்' பதவி.

"நான் என்ன சார் பண்ணணும்?"

"சொன்னதை வச்சிருக்கணும். நான் கேட்டா குடுக்கணும். கரண்ட் போனா மறந்துடணும்."

"மறக்கலன்னா?"

"அப்போ நீங்க ரேமே இல்ல."

பேசிப் பயனில்லை என்று அக்கா தலையாட்டிவைத்தாள்.

மறுவாரம் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியை மூச்சிரைக்க ஓடிவந்தார். மழையில் ஊறி வகுப்பறைச் சுவர் உப்பி நிற்கிறது. துறை உத்தரவில்லாமல் வகுப்பைக் காலி செய்ய அவருக்கு அதிகாரமில்லை. எந்த வகுப்பு என்று அக்கா கேட்டாள். அவள் மகள் உட்காரும் வகுப்பு.

அதிகாரியின் அறைக்கு ஓடினாள். அவர் நாற்காலியில் சாய்ந்து 'அடுத்த கட்டளைக்கு' ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். லேசான குறட்டை கேட்டது. கதவைத் தட்டியதும் கண்ணைத் திறந்தார். தலைமையாசிரியை வந்ததையும் சுவர் நிலைமையையும் அக்கா சொன்னாள்.

"வந்தவங்க இன்டரப்ட்டு. குறுக்க வர்றதைக் கண்டுக்காம விடுற வசதி மைக்ரோபிராசஸர்லயே இருக்கு, தெரியுமா?"

கதவு சாத்தப்பட்டது. அந்நேரம் பார்த்து மின்விசிறியும் நின்றது.

"கரண்ட் போச்சு. மறந்துடும்மா," என்றார் ரோம்.

அக்கா குறுக்கே கிடந்த நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?" என்றார் பஸ்.

"ஸ்கூலுக்கு. வர்றியா, இங்கயே நிக்கிறியா?"

"பஸ்ஸு நின்னா எப்படிக்கா?"

தலைமையாசிரியையையும் இழுத்துக்கொண்டு மூவரும் ஓடினார்கள். வகுப்பறை வாசலில் அக்கா, வாழ்நாளில் பேசாத குரலில், "துறையிலேருந்து வந்திருக்கேன். எல்லாரும் வெளிய வாங்க!" என்றாள். பிள்ளைகள் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் சுவர் மளமளவென்று உள்பக்கமாகச் சரிந்தது. புழுதி அடங்கியதும் மகள், "அம்மா, என் தண்ணி பாட்டில் உள்ள மாட்டிக்கிச்சு," என்று சிணுங்கினாள். அக்கா அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

நெருக்கடியில் துறை துரிதமாக இயங்கும் என்பது உடனே நிரூபணமானது. மறுநாள் காலையிலேயே விசாரணை. சுவர்மீது அல்ல, அக்காமீது. குற்றச்சாட்டுகள் இரண்டு: மின்சாரமின்றி நினைவு வைத்திருந்தது, கட்டளையின்றி இயங்கியது.

"மெமரி யோசிக்கக் கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு?" மேசையைத் தட்டினார் அதிகாரி.

"சத்தியமா நான் யோசிக்கல சார். சுவர் விழப்போகுதுன்னாங்க, பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டு வந்தேன், அவ்வளவுதான். யோசிக்கிறது உங்க வேலை. நீங்க எப்போ ஆரம்பிப்பீங்கன்னுதான் ஆபீஸே காத்துட்டிருக்கு."