அஸருக்குப் பின் நல்லடக்கம்

பெண் பார்க்கப் போகிற வீட்டில் திறமையைக் காட்டுவதைவிட, வாயை மூடிக்கொண்டு வட்டிலப்பம் சாப்பிடுவது பாதுகாப்பானது. இருபத்துமூன்று வயதில் எனக்கு இது தெரியாது.

அப்போது கல்முனையில் ஒரு செய்தி இணையத்தளத்தைத் தனியாளாக வடிவமைத்திருந்தேன். (உலகமே என் கீபோர்டில் சுற்றுகிறது என்ற நினைப்பு.) சம்மாந்துறையில் எனக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் வாப்பா, எனக்கு மாமாவாக வரவிருந்தவர், சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் பார்வை இழந்தவர். போன் வாசிக்க, செய்திகளைக் கேட்பார். அவர் விவசாயிகள் சங்கத் தலைவரானதும், அவரைக் குளிர்விக்க முதற்பக்கத்திலேயே செய்தி போட்டேன்.

செய்திக்கு வலப்பக்கம், சாம்பல் நிறப் பெட்டியில் வேறொருவரின் ஜனாஸா அறிவித்தல், அதாவது மரண அறிவித்தல். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தை இயக்கும் கணினிக் கோடில் அந்தப் பெட்டியைச் செய்தியின் நடுவே, 'டிவ்' என்ற வெறும் பொதுக் குறியில் செருகியிருந்தேன். இது ஓரத்தில் நிற்கும் துணை விஷயம் என்று சொல்வதற்கே 'அசைட்' என்றொரு குறி உண்டு. கண்ணுக்குத்தான் தெரிகிறதே, அது எதற்கு என்று விட்டுவிட்டேன். மௌத்தானவரின் பெயரோ படத்துக்குள் மட்டும் இருந்தது.

போனுக்கு ஓரமும் தெரியாது, சாம்பலும் தெரியாது. உறவினர்கள் கூடியிருந்த வீட்டில் முழுச் சத்தத்தில், ஒரே மூச்சில் வாசித்தது: "இப்றாலெவ்வை ஹாஜியார் தலைவராகத் தெரிவானார். அன்னார் நேற்றிரவு வபாத்தானார். நல்லடக்கம் இன்று அஸர் தொழுகைக்குப் பின்."

அடுத்த அறையில் இதை அரைகுறையாகக் கேட்ட அவருடைய தங்கச்சி ஓவென்று அழ, தெருவே திரண்டுவிட்டது. என் உம்மாவுக்குப் போன் வந்தது.

"மௌத்து வீட்டுக்குப் போல மாமாட வீட்டுக்கு ஆக்கள் கதிரை கொண்டு போறாங்களாம். நீ என்னடா போட்ட?"

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். காரைதீவுச் சந்தியில் திரும்பினேன். அந்த அதிர்ச்சியில் அவர் உண்மையாகவே போயிருந்தால்? முன்னால் நெல்மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் ஊர்ந்தது. முந்தத் தைரியமில்லை. (அது இன்னும் மெதுவாகப் போகட்டும் என்று துஆக் கேட்டேன்.)

வாசல் நிறைய, வருகிறவர்கள் உட்காரக் கதிரைகள். ஒரு காலில் செருப்போடு உள்ளே நுழைந்தேன். சனத்துக்கு நடுவே, போனும் கையுமாக மாமா இருந்தார்.

"ஆரு, வெப்சைட் மகனா?"

"ஓம் மாமா."

"இரிங்க. அஸருக்கு இன்னும் நேரம் இரிக்கி. தேத்தண்ணி குடிப்பம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. பெட்டி ஓரத்தில் இருந்த கதையைத் திக்கித் திணறிச் சொன்னேன். அவர் குரலைத் தணித்தார்.

"எனக்கு ஓரம் எங்க மகன் தெரியிற? நீங்கதான் சொல்லித் தரணும்."

அங்கேயே லேப்டொப்பைத் திறந்து பெட்டியைச் செய்திக்கு வெளியே எடுத்தேன். 'அசைட்' ஆக்கித் தலைப்பும் கொடுத்தேன். பெயரை எழுத்தில் போட்டேன். இப்போது போன், "துணைப்பகுதி, ஜனாஸா அறிவித்தல்" என்றது. மாமா விரலால் தட்டி அதைத் தாண்டினார். தான் தலைவரான செய்தியைக் கடைசிவரை, மூச்சுக்காட்டாமல் கேட்டார்.

கலியாணம் நடந்தது. இன்றும் வாப்பாவும் மகளும் கதைத்துக்கொண்டிருக்கும்போது நான் குறுக்கே ஏதாவது சொன்னால், என் மனைவி திரும்பியும் பார்ப்பதில்லை.

"அது அசைட் வாப்பா. தாண்டிப் போங்க."

மாமா காற்றில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வார்.