அமுதம் விட்ட தோசை

தோசை கல்லை விட்டு வருவேனா என்றது. பாஷ்யம் ஓரமாக நெம்பிப் பார்த்தான், நடுவில் குத்திப் பார்த்தான், கடைசியில் "வாயேன்" என்று கெஞ்சியும் பார்த்தான். தோசைத் திருப்பியின் பிடிதான் கையோடு கழன்று வந்தது.

"ஏன்னா, பேசாம கல்லையே தட்டுல வெச்சு உங்க மேனேஜருக்குக் குடுத்துடலாமா?" என்றாள் நாமகிரி.

"சிரிக்காதே. நம்ம குடித்தனமே இந்தத் தோசையிலதான் இருக்கு."

அவன் சொன்னதில் மிகையில்லை. ஆந்திர ராஜ்யம் புதிதாகப் பிறந்து, கர்னூல் தலைநகரம் ஆகிவிட்டது. சித்தூரில் இருந்த சர்க்கார் ஆபீஸ்களிலிருந்தெல்லாம் பாஷ்யம் மாதிரி குமாஸ்தாக்களைப் பிடித்து அங்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கர்னூலிலோ போதுமான கட்டடம் இல்லை. ஆபீஸும் கூடாரத்தில், ஜாகையும் கூடாரத்தில். பாம்பு பாய்க்கடியில் படுக்கிறது என்று போய்வந்தவர்கள் கதை கதையாகச் சொன்னார்கள்.

நாமகிரி கறாராகச் சொல்லிவிட்டாள். "கூடாரத்துல குடித்தனம் பண்ண நான் என்ன சர்க்கஸ்காரியா? நீங்க கர்னூலுக்குப் போங்கோ. நான் நாமக்கல்லுக்கு, எங்கப்பா ஆத்துக்குப் போறேன்."

கல்யாணம் ஆன புதிசு. அவள் காய்கறிக்காரியோடு பேரம் பேசும் குரல் வாசலில் கேட்டால்கூட, பாஷ்யம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பான். அப்பேர்ப்பட்டவளை நாமக்கல்லில் விட்டுவிட்டுத் தான் மட்டும் பாம்போடு படுப்பதா?

யாரை அனுப்புவது, யாரை நிறுத்துவது என்பதெல்லாம் மேனேஜர் ரங்கையா கையில் இருந்தது. அந்த மனிதர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. காலையில் வரும்போதே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வருவார். ஒரே ஒரு பேச்சில்தான் அவர் கொஞ்சம் இளகுவார். முன்பு திருப்பதியில் வேலை பார்த்தபோது ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் தின்ற தோசையைப் பற்றிய பேச்சு அது.

"அதி தோசையண்டி! அதுதாங்க தோசை! மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. ஒரு வாசனை வரும் பாருங்க, இந்தச் சித்தூர்ல எவனுக்கும் அது வரலை" என்று அவர் பெருமூச்சு விட்டபோது, பாஷ்யத்தின் வாய் சும்மா இருக்கக் கூடாதா?

"எங்காத்துல அதே தோசைதான் சார்!"

"அப்படியா? அப்போ ஞாயித்துக்கிழமை வரேன்" என்றுவிட்டார் ரங்கையா.

உடனே லீவு போட்டுவிட்டுப் பாஷ்யம் திருப்பதிக்கு பஸ் ஏறினான். அந்த ஹோட்டலில் உட்கார்ந்து தோசையாகத் தின்று தீர்த்துவிட்டு, கைகழுவும் சாக்கில் பின்கட்டுக்குப் போய், தோசை போடும் மாஸ்டரின் காதருகே குனிந்து ரகசியம் கேட்டான். மாஸ்டர் தெலுங்கில் பொரிந்து தள்ளினார்.

பாஷ்யத்தின் தெலுங்கு பரிதாபமானது. சென்னை ராஜதானி ஒன்றாக இருந்தபோது கும்பகோணத்திலிருந்து மாற்றலாகி வந்தவன். ஆபீஸில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ், கடைத்தெருவில் விரலால் காட்டுவது என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். மாஸ்டர் சொன்னதில் அவனுக்குப் பிடிபட்டது ஒரே ஒரு வார்த்தை. அதைப் பத்திரமாக வாயில் போட்டு முணுமுணுத்துக்கொண்டே சித்தூர் வந்து சேர்ந்தான்.

"நாமகிரி, ரகசியம் கிடைச்சுடுத்து. அமுதம் விடறான்!"

"என்ன அமுதம்?"

அங்கேதான் தொல்லை ஆரம்பம். ஐயங்கார் வீட்டில் எதுதான் அமுது இல்லை? ரசம் என்றால் சாத்தமுது. பொரியல் என்றால் கறியமுது. பாயசம் என்றால் திருக்கண்ணமுது. இதில் ஹோட்டல்காரன் எந்த அமுதை விடுகிறானோ, அந்தப் பெருமாளுக்குத்தான் வெளிச்சம்.

"அமுதம்னா பால்தான்" என்று பாஷ்யம் அடித்துச் சொல்லி, மாவில் பாலை விட்டதன் பலன்தான், திருப்பியின் பிடியைக் கழற்றிய இந்தத் தோசை.

"பாயசமா இருக்குமோ? பஞ்சு மாதிரி இருக்குன்னாரே" என்று நாமகிரிக்குத் தோன்றியது. பாயசம் விட்ட மாவு கல்லில் கொதித்துக் குமிழி விட்டு, அல்வாவாகத் திரண்டு, கடைசியில் கருகியது. எறும்புகள் மட்டும் திருப்தியாகச் சாப்பிட்டன.

"அப்போ சாத்தமுதுதான். ஹோட்டல்ல அதுதானே மீந்துபோகும்?" என்று பாஷ்யம் துப்பறிந்தான். ரசம் விட்ட மாவு கல்லில் நிற்கவே இல்லை. வழிந்து அடுப்பை அணைத்து வீடெல்லாம் புகை கிளப்பியது. அந்தப் புகையில் நாமகிரிக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வந்து, ஜலதோஷம் பிடித்து, மூக்கு அடைத்துக்கொண்டது.

சனிக்கிழமை மாவரைக்க வந்தாள் செங்கம்மா. நகரிப் பக்கத்துக்காரி. தமிழும் தெலுங்கும் அவளுக்கு ஒரே வாயில் வரும். கொல்லையில் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"இன்னாம்மா, மூஞ்சி வாடிப்போய்க் கீது?"

"தோசை மாவுல ஹோட்டல்காரன் என்னமோ அமுதம் விடறானாம்டீ. என்னன்னே தெரியலை."

"ஆமுதமா? தோசைக்கு அதான்மா! இத்தப் போய்த் தெரியலன்றியே. எங்க ஊர்ல எல்லார் வூட்லயும் கீதும்மா."

நாமகிரிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நெஜமாவாடீ? உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதே?"

"ஒடம்புக்கு அவ்ளோ நல்லது! கொயந்தைங்களுக்கே வாயத் தொறந்து ஊத்துவோம். செட்டி கடையில கெடைக்கும், வாங்கியாரட்டா?"

"போ, போ. வாங்கிண்டு வந்து நீயே விட்டுடு. எனக்கு உள்ளே சட்னி வேலை இருக்கு."

"மாவுலயாம்மா?" செங்கம்மா கொஞ்சம் யோசித்தாள். "கொஞ்சமாவா?"

"கஞ்சத்தனம் பண்ணாதே. மேனேஜர் வரார். தாராளமா விடு!"

எஜமானி சொன்னதைச் செங்கம்மா தட்டமாட்டாள். ஒரு பாட்டில் முழுக்கக் கவிழ்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ரங்கையா வந்து உட்கார்ந்தார். நாமகிரி அடைத்த மூக்கோடு முதல் தோசையை வார்த்தாள். அடடா! திருப்பி பட்டதும் படாததுமாக வழுக்கிக்கொண்டு வந்தது. பொன்னிறம், ஓரமெல்லாம் லேஸ் பின்னினமாதிரி. ரங்கையா ஒரு விள்ளல் வாயில் போட்டார். கண்ணை மூடினார்.

"அந்த வாசனை!" என்று எழுந்தே நின்றுவிட்டார். "பாஷ்யம்காரு, திருப்பதி ஹோட்டல் வாசனையே வருது! எட்லா சேஸ்தாரு மீ இன்ட்லோ? எப்படிப் பண்றீங்க உங்க வீட்டுல?"

"ஏதோ ஆத்துல பண்றதுதான் சார்" என்று பாஷ்யம் நெளிந்தான்.

நாமகிரிக்கு வார்த்து மாளவில்லை. ரங்கையா தொடர்ந்து தின்று, பெல்ட்டைத் தளர்த்தி, மறுபடியும் தின்று, மாவுப் பாத்திரம் காலியாகும் சமயம்தான் கை கழுவினார். வாசலில் செருப்பை மாட்டும்போது பாஷ்யம் மெதுவாக ஆரம்பித்தான்.

"சார், அந்தக் கர்னூல் விஷயம்..."

"மீரு கவலைப்படாதீங்க. அது என் பொறுப்பு" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பாஷ்யம் துள்ளாத குறைதான். உள்ளே ஓடி, நாமகிரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "நீ நாமக்கல் போக வேண்டாம்டீ!"

மிச்சம் இருந்த ஒரே தோசையைப் பாதியாகப் பிய்த்து வாயில் போட்டவன், மெல்லுவதை நிறுத்தினான். இந்த வாசனை... சின்ன வயதில் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு சங்கில் புகட்டுவாளே...

"நாமகிரி! இது விளக்கெண்ணெய்!"

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த செங்கம்மா எட்டிப் பார்த்தாள். "நீங்க வெளக்கெண்ணைன்றீங்க, நாங்க ஆமுதம்ன்றோம். எல்லாம் ஒண்ணுதான் சாமி. ஓட்டல்ல கல்லுக்குத் தொட்டுத் தடவுவாங்க. அம்மாதான் மாவுல தாராளமா ஊத்தச் சொன்னாங்க."

பாஷ்யம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நாமகிரி பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினாள்.

திங்கட்கிழமை மேனேஜரின் நாற்காலி காலியாக இருந்தது. மணி பத்தரை ஆகியும் ஆள் வரவில்லை. பாஷ்யம் கூட்டின தொகையையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விடை வந்தது. அவர் வீட்டுக்குப் போன பியூன் எத்திராஜ் திரும்பி வந்ததும், வராந்தாவிலேயே அவனை மடக்கினான்.

"ஐயா எப்படி இருக்கார்?"

"விடிஞ்சதுலேர்ந்து கொல்லைக்கும் வூட்டுக்குமா நடந்துகினு கீறாரு சார்."

"என்மேல ரொம்பக் கோபமா?"

"கோவமா? நல்லாக் கேட்டீங்க! வருசக்கணக்கா மலச்சிக்கல் சார் அவருக்கு. பாக்காத வைத்தியம் இல்ல, துன்னாத சூரணம் இல்ல. அதனாலதான் எப்பப் பாத்தாலும் வள்ளு வள்ளுன்னு வியுந்துகினு இருந்தாரு. இன்னிக்கு என்னைப் பாத்துச் சிரிச்சாரு சார்! 'பாஷ்யம் வூட்டுத் தோசை தோசை இல்லடா, மருந்து'ன்னு சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போறாரு."

போன உயிர் பாஷ்யத்துக்குத் திரும்பி வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தான். உடனே வீட்டுக்கு ஓடிப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"அப்போ எனக்குக் கர்னூல் கிடையாதுதானே, எத்திராஜ்?"

"இன்னா சார் நீங்க? கர்னூலுக்கு மாத்தலாகிப் போறதே ஐயாதான், நேத்து வரைக்கும் உங்க பேரை யாருமே சொல்லல. இன்னிக்குக் காத்தாலதான், 'பாஷ்யமும் அவர் சம்சாரமும் பக்கத்துக் கூடாரத்துல இருந்தாத்தான் நான் வருவேன்'னு மேலாபீசுக்குத் தந்தி அடிச்சுட்டாரு!"