பாலத்தின் மேல் பொங்கிய ஆப்ப மாவு

வேதியியல் படித்தவர்களைச் சமையலறைக்குள் விடக் கூடாது என்று ஒரு சட்டமே போடலாம். குழம்பில் உப்பு கூடிவிட்டால் மற்றவர்கள் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கிவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். நாங்கள் மட்டும்தான் ஏன் கூடியது என்று விளக்கம் சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி போடுவோம். (இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. பினாங்குப் பாலத்தில் அன்று நெரிசலில் நின்ற அத்தனை பேரும் சாட்சி.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வீடு புக்கிட் மெர்தாஜாமில், வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம், பினாங்குத் தீவில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில். மாலையில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு டியூஷன் வேறு. அதில் எனக்கு உயிரான பாடம் வினைவேகம். வெப்பத்தைக் கூட்டு, செறிவைக் கூட்டு, கட்டியாக இருப்பதைப் பொடியாக்கு, கலக்கு, வினையூக்கி சேர்; எந்த வினையும் பிய்த்துக்கொண்டு ஓடும் என்று கையை வீசி வீசிச் சொல்லுவேன். உலகத்தில் ஏதாவது மெதுவாக நடந்தால், அந்த இடத்தில் நான் இல்லாததுதான் காரணம் என்று மனமார நம்பிய காலம் அது.

அதே தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் ஷாமினி இருந்தாள். தீவிலேயே டத்தோ கிராமாட்டில் வீடு, யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம். எங்கள் காதலில் எங்கள் இருவருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை. இருந்ததெல்லாம் அவள் அம்மாவுக்குத்தான். அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் வெளியிலிருந்து யாரும் மாப்பிள்ளையாக வந்ததில்லை, நானோ ரப்பர் தோட்டத்துத் தமிழனின் பேரன். அவள் அப்பா என்னோடு ஒரு வார்த்தை பேசியது கிடையாது. வாசலில் நின்று வணக்கம் சொன்னால் செய்தித்தாளை ஒரு விரலளவு இறக்கிப் பார்ப்பார், மறுபடி ஏற்றிக்கொள்வார். நான் ஒரு தடவைகூட அந்த வீட்டுப் படியைத் தாண்டி உள்ளே போனதில்லை.

ஒருநாள் ஷாமினியை வீட்டில் இறக்கிவிட்டபோது அவள் அம்மா வாசலுக்கு வந்தார். பினாங்கில் ஒருத்தருக்கும் ஒழுங்காக அப்பம் சுட வராது என்று யாரையோ குறை சொல்லிக்கொண்டிருந்தார். (நாங்கள் ஆப்பம் என்போம், அவர்கள் அப்பம் என்பார்கள். ருசி ஒன்றுதான்.) நான் வாயை மூடிக்கொண்டு காரை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

"நான் நல்லா சுடுவேன் ஆன்ட்டி."

கடையில் நின்று ஆப்பம் தின்றதைத் தவிர எனக்கும் ஆப்பத்துக்கும் வேறு உறவு கிடையாது. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை காலமை மா கரைச்சுக் கொண்டு வாங்கோ. சட்டி இங்க இருக்கு."

ஷாமினியின் முகம் வெளிறிவிட்டது. பிறகு போனில் விளக்கினாள்: அம்மா முதல் தடவையாக என்னை உள்ளே கூப்பிட்டிருக்கிறார், இதில் சொதப்பினால் இரண்டாம் தடவை கிடையாது. நான் சிரித்தேன். மாவு புளிப்பதும் ஒரு வேதிவினைதானே என்றேன்.

ஆப்ப மாவை முதல் நாளே கரைத்து இரவெல்லாம் புளிக்க விட வேண்டும். அது எனக்கும் தெரியும். ஆனால் சனிக்கிழமை பூப்பந்து விளையாடப் போனேன், வந்து படுத்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது ஞாயிறு நன்றாக விடிந்திருந்தது. மாவு இல்லை. என் அம்மா ஈப்போவில் அக்கா வீட்டில். போன் செய்து கேட்டிருக்கலாம்தான். ஆனால் அம்மாவுக்கு வினைவேகம் தெரியாதே.

முனைக் கடைக்கு ஓடி அரிசி மாவு, தேங்காய்ப்பால், ஈஸ்ட் எல்லாம் வாங்கி வந்தேன். முதலில் பொடியாக்குதல். ஏற்கெனவே மாவாக இருந்த மாவை மிக்ஸியில் போட்டு மறுபடி அரைத்தேன். சீனியையும் பொடித்தேன். அடுத்து வெப்பம். தேங்காய்ப்பாலைச் சூடாக்கி, ஆய்வுக்கூடத்து வெப்பமானியை விட்டுப் பார்த்து, ஈஸ்ட் சாகாமல் குஷியாக இருக்கும் பதத்தில் இறக்கினேன். எல்லாவற்றையும் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொட்டி ஈஸ்ட்டைத் தூவினேன். பொட்டலத்தின் பின்னால் ஒரு தேக்கரண்டி போதும் என்று எழுதியிருந்தது.

காத்திருந்து பார்த்தேன். ஒரு குமிழி கூட வரவில்லை.

ஈஸ்ட் விழித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆகும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். ஆனால் காதலிக்கிறவனுக்கு ஏது பொறுமை? செறிவு போதவில்லை என்று முடிவு கட்டி மீதிப் பொட்டலத்தைக் கவிழ்த்தேன். சீனியையும் இரண்டு மடங்காக்கினேன். குளிர்பெட்டியில் பழைய தோசை மாவு கொஞ்சம் இருந்தது, அதையும் துணைக்கு அனுப்பினேன். காரில் சிந்தக் கூடாது என்று மூடியை நான்கு பக்கமும் சொடக்கிப் பூட்டினேன். பிறகு வாளியைக் காரின் பின்சீட்டில் வைத்து, வார் போட்டு, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, காரை வெயிலில் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனேன். மலேசியாவில் வெயிலில் நிற்கிற காரை விட நல்ல அடுப்பு கிடையாது.

குளித்து, புது ஜிப்பா மாட்டி, வாசனை தெளித்து வந்து பார்த்தால் வாளி சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கிளம்பினேன். பாலத்தில் ஏறியதும் நெரிசல். முன்னால் எங்கோ ஒரு லோரி படுத்துவிட்டதாம். வண்டிகள் நகர்வதும் நிற்பதுமாக இருந்தன. ஒவ்வொரு குலுக்கலிலும் மாவு நன்றாகக் கலந்துகொண்டிருந்தது. (பாடத்தில் அதுவும் உண்டு என்று எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.)

அப்போது பின்னால் 'டிக்' என்றது.

கண்ணாடியில் பார்த்தேன். தட்டையாக இருந்த மூடி வழுக்கைத் தலை மாதிரி உப்பியிருந்தது. இன்னொரு 'டிக்'. வினையின் வேகத்தைக் கூட்டும் வழிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். இவ்வளவு ஆர்வமாக நடக்கிற வினையிடம் போதும் என்று எப்படிச் சொல்வது என்று யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை. வண்டியை ஓரம் கட்டவும் இடமில்லை. சரி, ஒரு சொடக்கை மட்டும் தளர்த்தினால் காற்று போய்விடும் என்று இடது கையைப் பின்னால் நீட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியவில்லை. பெரிய சத்தம் கேட்டது. மூடி கூரையில் மோதியது. வெதுவெதுப்பாக ஏதோ என் பிடரியில் விழுந்தது. அடுத்த கணம் கூரை, கண்ணாடி, ஸ்டீரிங், டாஷ்போர்டு, ஜிப்பா, என் வலது காது எல்லாம் வெள்ளை. முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. வைப்பரைப் போட்டேன். அது வெளிப்பக்கம் சுத்தமாக இருந்த கண்ணாடியைச் சிரத்தையாகத் துடைத்தது.

பக்கத்து வரிசையில் ஒரு சீன அங்கிள் தன் கார்க் கண்ணாடியை இறக்கினார். குழந்தை வாந்தி எடுத்துவிட்டதா என்று மலாயில் மிகுந்த கவலையோடு கேட்டார். நான் ஆமாம் என்றேன். பின்சீட்டில் குழந்தை எதையும் காணாமல் அவர் இன்னும் கவலையானார்.

போன் அடித்தது. ஷாமினி.

"எங்க இருக்க? அம்மா சட்டிய அடுப்புல வச்சிட்டாங்க லா."

வந்துகொண்டே இருக்கிறேன் என்றேன். திரும்பிப் போய்விடலாமா என்று ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் போகவில்லை என்றால் அந்த வீட்டுப் படி எனக்கு முடிந்த கதை. போனால் அசிங்கம் மட்டும்தான். அசிங்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். (வேறு வழியும் இல்லை, பாலத்தில் திரும்ப முடியாது.)

டத்தோ கிராமாட்டில் இறங்கியபோதும் வினை ஓயவில்லை. சீட்டிலிருந்த மாவு நுரைத்துக்கொண்டு கதவு வழியாக என் பின்னாலேயே இறங்கியது. வாளியின் அடியில் மிஞ்சியதைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். ஷாமினியின் அம்மா கதவைத் திறந்தார். என் காதிலிருந்து சொட்டியதைப் பார்த்தார்.

"தம்பி, மா எங்கை?"

"பாதி வாளியில இருக்கு ஆன்ட்டி. பாதி என் மேல."

"ஈஸ்ட் எவ்வளவு போட்டது?"

"எல்லாம்."

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. விக்கலா, இருமலா தெரியவில்லை. பார்த்தால் ஷாமினியின் அப்பா. செய்தித்தாள் தரையில் கிடந்தது, அவர் நாற்காலியில் குலுங்கிக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர். அவர் பல்லை நான் அன்றுதான் பார்த்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. பின்கட்டில் குழாய் இருக்கிறது என்றார். குளித்தேன். மாற்றிக்கொள்ள அப்பாவின் பழைய சட்டையும் ஒரு கட்டம் போட்ட சாரமும் வந்தன. வருங்கால மாமியார் வீட்டில் முதன்முதலாக, தலையில் தண்ணீர் சொட்ட, மாமனாரின் கைலியோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். வாளியில் மிஞ்சிய மாவு சில ஆப்பங்களுக்குத் தேறியது. அவை சட்டியை விட்டு எழுந்து பறந்துவிடும் போலப் பூரித்திருந்தன. வாசனையோ அசல் கள்ளுக்கடை. அம்மா ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டார், கண்ணை மூடினார், தண்ணீர் குடித்தார்.

"மா கரைக்கத் தெரியாது எண்டு முதலே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா உள்ள கூப்பிட்டிருப்பீங்களா ஆன்ட்டி?"

 அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.  யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காருக்கு நடந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினேன். ஷாமினியின் அப்பா, படியில் நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, அந்தச் சாரம் எனக்கு வேணும். அடுத்த ஞாயிறு கொண்டு வாங்கோ."

அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள். புளித்த காருக்குள் உட்கார்ந்து வீடு வரை பாடிக்கொண்டே போனேன்.

அடுத்த ஞாயிறு சாரத்தைத் துவைத்து, இஸ்திரி போட்டு, இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் பிரித்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இது தன்னுடையது இல்லை என்றார். தன்னுடையதில் கட்டம் பெரிசாம். ஆனாலும் திருப்பித் தராமல் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.  உள்ளேயிருந்து ஷாமினியின் அம்மா, கிடைக்கிறபோது கொண்டு வரட்டும், இப்போது சாப்பிடச் சொல்லுங்கோ என்றார். அதற்கடுத்த ஞாயிறு கடையில் பெரிய கட்டமாகப் பார்த்து வாங்கிப் போனேன். நிறம் சரியில்லையாம். அதற்கடுத்த ஞாயிறு கரை சரியில்லையாம். இப்படியே ஞாயிறு ஞாயிறாக அந்த வீட்டில் சாப்பிட்டேன். அம்மாவின் மனம் இறங்க ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அந்த வினையை விரைவாக்க என்னிடம் எந்தச் சூத்திரமும் இல்லை, சும்மா போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர்மலைக் கோயிலில் எங்கள் கல்யாணம் நடந்தபோது, தாலி கட்டி முடித்துக் காலில் விழுந்த என்னிடம் மாமா குனிந்து கேட்டது ஒன்றுதான்: என் சாரம் எங்கே?

இன்றுவரை எந்த விசேஷமானாலும், எத்தனை பேர் இருந்தாலும் மாமா அதைக் கேட்காமல் விடமாட்டார். நானும் தேடிக்கொண்டிருக்கிறேன் மாமா என்பேன், வீடே சிரிக்கும். போன தீபாவளிக்கு என் மகள் தாத்தாவின் மடியில் ஏறிக்கொண்டு, அப்பா தொலைத்த அந்தச் சாரம் எப்படித்தான் இருக்கும் என்று கேட்டாள். மாமா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் இடுப்பில் கட்டியிருந்ததைத் தட்டிக் காட்டினார்.

"இதுதான். அப்பாவுக்குச் சொல்லாதை. அடுத்த ஞாயிறும் வரட்டும்."

நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். கேட்காத மாதிரி இன்னொரு ஆப்பத்தை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.