லாபம் அண்ணாச்சியும் கைக்கம்ப்யூட்டரும்

பிள்ளைகளா, திருவனந்தபுரத்தில் ‘ஒன்று’ என்ற எண்ணை ஆயுசில் வாயால் சொல்லாத மனுஷர் ஒரே ஒருத்தர்தான். எங்கள் லாபம் அண்ணாச்சி.

ஆரியசாலையில் மிளகாய், மல்லி மொத்தக் கடையில் அவர் எடை போடுகிறவர். அதே கடைக்கு நான் சரக்கு ஏற்றும் பெட்டி ஆட்டோ ஓட்டுகிறேன். மூட்டை எண்ணும்போது முதல் மூட்டைக்கு ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவது பழைய வியாபாரிகள் வழக்கம். அப்புறம்தான் ரெண்டு, மூணு. மற்றவர்கள் அதைக் கடையோடு விட்டுவிடுவார்கள். இவர் மருந்துக்கடையில் போய், “காலையில லாபம், ராத்திரி லாபம், சரிதானே?” என்று கேட்பார். மாத்திரை கொடுத்த பெண் பயந்துபோய் முதலாளியைக் கூப்பிட்டது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் துண்டுக்குள்ளிருந்து ஒரு சாமானை எடுத்தார். நடுவில் திரை, ரெண்டு பக்கமும் குமிழும் பொத்தானும்.

“என்ன அண்ணாச்சி இது?”

“கம்ப்யூட்டருடே. கையில வச்சு கேம் விளையாடலாம்.”

எனக்குத் தலை சுற்றியது. அறுந்த செருப்பை மூன்று தடவை தைத்துப் போடுகிற ஆள்!

காரணம் அவர் தங்கச்சி சாந்தி. மாடிப்படியில் விழுந்து கால் முறிந்து, கரமனையில் அண்ணாச்சி வீட்டில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். பத்து நாளாகச் சுவரைப் பார்த்தே கிடக்கிறாள். பேச்சு இல்லை, சாப்பாடும் இல்லை. டாக்டரே முகம் சுளித்துவிட்டார். சின்ன வயசில் டிவியில் மாட்டுகிற கேம் பெட்டியில் அண்ணனும் தங்கச்சியும் கார் ரேஸ் ஓட்டுவார்களாம். சாந்தி கடைசி ரேஸ் வரைக்கும் போய்விட்டாள். அதற்குள் கல்யாணம். விளையாட்டு அங்கேயே நின்றது.

“விட்ட எடத்துல இருந்து அவ ஓட்டணும். அவ்வளவுதான்” என்றார் அண்ணாச்சி.

பழவங்காடியில் செல்போன் ரிப்பேர் செய்யும் மலையாளிப் பையன் ஷிபு விளக்கினான். கம்ப்யூட்டரைப் பழைய பெட்டி மாதிரி நடிக்கவைக்க ஒரு சாஃப்ட்வேர் உண்டு, எமுலேட்டர் என்று பேர். அதற்குப் பெட்டியின் உள்ளே இருக்கும் துவக்க ஃபைல் வேண்டும், விளையாட்டு சிடி வேண்டும், சாந்தி விட்ட இடத்தைச் சேமித்து வைத்த மெமரி கார்டும் வேண்டும். அண்ணாச்சி பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினார். ஷிபு ஒவ்வொன்றாகக் காப்பி எடுத்தான். எடுத்து முடித்ததும் பழைய பெட்டி ‘டப்’ என்று புகைந்தது. மெமரி கார்டும் அதோடு போச்சு. இனி கம்ப்யூட்டரில் இருக்கிற காப்பிதான் கதி.

அதை நேரே வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதா? பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் புது மெஷினை ஓட்டமாட்டாராம். கோயில் வாசலில் நின்றார், இடது கையில் கம்ப்யூட்டர், வலது கையில் தேங்காய்.

“அண்ணாச்சி, அதை எங்கிட்ட தாங்க!” என்று நான் கத்துவதற்குள் தேங்காயை ஓங்கி எறிந்துவிட்டார். தேங்காய்த் தண்ணீர் திரை முழுக்கத் தெறித்தது. அவர் துண்டால் துடைத்தபடி, “தண்ணி பட்டாச்சுல்லா, பிள்ளையாரு கேட்டுட்டாரு” என்றார்.

மறுநாள் மத்தியானம் குடோனில் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எடே, ஓடமாட்டேங்குது. துவக்க ஃபைல் இல்லைன்னு சொல்லுது.”

திரையைப் பார்த்தேன். அடக் கடவுளே! இருந்த ஒன்பது ஃபைலுக்கும், புள்ளிக்குப் பின்னால் வருகிற வாலோடு சேர்த்துப் பேரை வெட்டிவிட்டு, ‘லாபம்’, ‘ரெண்டு’, ‘மூணு’ என்று வரிசையாகப் பேர் வைத்திருந்தார்!

“ஏன் அண்ணாச்சி?”

“எழுத்தும் நம்பருமா வாயில நுழையாத பேரு. குடோன்ல அப்படி மூட்டை கெடந்தா விடுவோமாடே?”

ஷிபுவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். “எந்தா அண்ணாச்சி இது! பேரு மாறினா அது ஓடாது! ஏது ஏதுன்னு இனி நான் எப்படிக் கண்டுபிடிக்கும்?”

அண்ணாச்சி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். “சாந்தி ஓட்டுனத நானே அழிச்சிட்டேனேடே.” அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

சட்டென்று தலையைத் தூக்கினார். “தம்பி ஷிபு, ஃபைலுக்கு எடை உண்டா?”

“எடையா? சைஸ் உண்டு.”

“அதச் சொல்லுடே!”

“துவக்க ஃபைல் ஐந்நூற்றிப் பன்னிரண்டு கேபி. மெமரி கார்டு நூற்றி இருபத்தெட்டு.”

“அப்ப அதுல கால்வாசி! மூட்டையில பேரு அழிஞ்சா என்ன, தூக்கிப் பாத்தா மிளகாயா மல்லியான்னு தெரியாதா?”

ஷிபு நல்லவன். எந்த எடைக்கு எந்தப் பேர் என்று எழுத்தெழுத்தாகச் சொன்னான். அண்ணாச்சி வேர்த்து வழிய டைப் அடித்தார். துவக்க ஃபைல் கிடைத்தது. சிடியும் சரி. ஆனால் நூற்றி இருபத்தெட்டில் ரெண்டு ஃபைல்! முதலாவதைப் போட்டோம். எமுலேட்டர் தானாக உண்டாக்கிய காலிக் கார்டு. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். அடுத்ததை நான்தான் போட்டேன். ‘சாந்தி, கடைசி ரேஸ்’ என்று இங்கிலீஷில் வந்தது. நான் போட்ட கூச்சலில் முதலாளியே ஓடிவந்தார்.

அன்று சாயங்காலம் கரமனையில் சாந்தி அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் பொத்தானைத் தொட்டாள். முதல் வளைவிலேயே காரைச் சுவரில் முட்டினாள்.

“பிரேக்கு! பிரேக்கப் பிடிட்டீ!” என்று அண்ணாச்சி துள்ளினார்.

“நீ வாய மூடு! உன்னாலதான் முட்டுச்சு! எனக்குப் பசிக்குது, போய் ஏதாவது எடுத்துட்டு வா!” என்று சாந்தி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுக்களைக்குப் போனார்.

அன்றிலிருந்து அவருக்கு ரேஸ் பைத்தியம். போன வாரம்கூட என் ஆட்டோவில் முன்னால் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, “வளைவுல இப்படி இல்லடே, வெளிய எடுத்து உள்ள வாங்கணும்” என்று பாடம் எடுத்தார். நான் லைசென்ஸ் எடுத்து இருபது வருஷம் ஆகிறது, பிள்ளைகளா. ஆனாலும் அவர் சொன்ன மாதிரியே திருப்பினேன்.