பீரங்கியாரின் எல்லைக்கோடு

நெய்வேலி நகரியத்தில் குடியிருந்தோர் அனைவருள்ளும், குரலொன்றைக் கொண்டே நாடு பிடித்தவர் பீரங்கியார் ஒருவர்தாம். பெற்றோர் இட்ட பெயர் அவருடைய ஊதியச் சீட்டில் மட்டும் இருந்தது. அதனைச் சொல்லி அழைத்தால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். சுரங்கத்தில் வெடி வைக்கும் பிரிவில் பணி. வெடிக்குமுன் ஆட்களை விலகச் சொல்லி எச்சரிப்பது அவர் பொறுப்பு. அவர் "வெலகு!" என்றால் சுரங்கத்தில் இருந்தவர்கள் மட்டுமன்றி, மந்தாரக்குப்பத்துக் கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களும் விலகினார்கள் என்பது ஊர்ப்பேச்சு.

அவரும் நானும் ஒரே தெரு. நான் பள்ளியில் தமிழாசிரியன். தெருவில் எனக்குத் 'தமிழய்யா' என்று பெயர். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால், மரியாதை தருபவர்கள் வணக்கம் சொல்லிவிட்டு நேரே பீரங்கியார் வீட்டு வாசலுக்குப் போய்விடுவார்கள். சிரிப்பொலி மட்டும் என் வீடு வரை வரும்.

ஒரு காணும் பொங்கலன்று குடியிருப்போர் சங்கம் எங்கள் தெருவாரைப் பேருந்தில் ஏற்றித் தேவனாம்பட்டினக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றது. அங்குள்ள பழைய ஆங்கிலேயர் கோட்டையைப் பற்றி உரையாற்றும் பொறுப்பு எனக்கு. பல வாரம் படித்து, சொல்லுக்குச் சொல் செதுக்கி வைத்திருந்தேன். செடி மண்டிய செங்கற்சுவரின் முன் நின்று தொடங்கினேன்.

"இக்கோட்டையை ஆங்கிலேயர் மராட்டியரிடம் விலைக்கு வாங்கினர். கோட்டையொடு சுற்றியுள்ள நிலமும் சேர்த்தி. எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவு. தம்மிடம் இருந்தவற்றுள் தலைசிறந்த பீரங்கியைத் தேர்ந்தெடுத்துச் சுட்டனர். குண்டு விழுந்த இடமே எல்லை. அவ்வெல்லைக்கு உட்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயராயிற்று."

இவ்வளவுதான் சொல்லியிருப்பேன். சுவருக்கு மறுபுறம் வெடிச்சிரிப்பு. என் முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினர். கடைசியாக நழுவியவர் என் மனைவி.

மறுபுறம் சென்று பார்த்தேன். பீரங்கியார் சுவர்மேல் நின்றுகொண்டிருந்தார்.

"குறிஞ்சிப்பாடியாண்ட எங்க முப்பாட்டன் கம்பங்கொல்லையில எருமைய மேச்சுகினு நிக்கறாரு. வெள்ளக்காரன் இங்கேர்ந்து வுட்டான் பாரு! குண்டு வந்து எருமைக்கும் அவருக்கும் நடுவுல வுழுந்துது. கோடு கிழிச்சாப்பல! எங்க பாட்டன் வெள்ளக்காரனுக்கு, எருமை மராட்டியனுக்கு. அன்னையிலேர்ந்து பாலு கறக்கணும்னா எங்காளு வேற தேசத்துக்குப் போயிகினு வந்துகினு இருந்தாரு!"

என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பீரங்கியின் குண்டும் குறிஞ்சிப்பாடி வரை எட்டாது" என்றேன்.

"அன்னிக்குக் காத்து அந்தப் பக்கம் அடிச்சுதுங்கய்யா."

கூட்டம் கைதட்டியது. சங்கச் செயலாளர் கேட்டார்: "அண்ணே, அப்புறம் கோட்டைய யாருதான் இடிச்சது?"

"பிரெஞ்சுக்காரன். பொறாமையில இடிச்சான்யா! தன்கிட்ட இல்லன்னு பொறாமை."

"அது போர்த்தந்திரம்" என்றேன். எவர் காதிலும் விழவில்லை. பீரங்கியாரின் காலடியில் இருந்த சுவரைப் பார்த்தேன். பிரெஞ்சுக்காரரின் மனநிலை எனக்கு முற்றிலும் விளங்கியது.

ஊர் திரும்பிய மறுநாளே, குண்டுக்குப் பதில் குரலைக் கொண்டு, அவர் தமக்கொரு நாடு சமைத்தார். தம் வீட்டு வாசலில் நின்று இருபுறமும் முழங்குவது. தோளில் துண்டோடு நடந்துகொண்டே போகும் செயலாளர், சொல் புரியும்வரை துண்டை ஆட்டுவது. புரியாத இடத்தில் நிற்பது. அதுவே எல்லை. எல்லைக்குள் இருப்பவர்களின் நல்லது கெட்டது அனைத்தும் இனிப் பீரங்கியார் பொறுப்பு.

நான் வாசலில் நாளிதழை விரித்துப் படிப்பதுபோல் நின்றேன். துண்டு ஆடிக்கொண்டே வந்தது. என் நெஞ்சும் உடன் ஆடியது என்பதை அன்று சொல்லியிருக்க மாட்டேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னால் துண்டு நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்சம் கத்தக் கூடாதாண்ணே?" என்று என் மனைவி குரல் கொடுத்தாள்.

"தொண்ட வத்திப்போச்சு தங்கச்சி!" என்று பதில் வந்தது. அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

மந்தாரக்குப்பம் வரை எட்டிய குரல் என் வீட்டுக்கு எட்டவில்லை! எல்லைக்குள் இருந்தவர்கள் பெற்ற வாழ்வைச் சொல்லி மாளாது. இரவு ஷிப்டு முடித்து வந்தவர்கள் பகலில் உறங்கினார்கள். ஒலிபெருக்கி கட்டியவர்களைப் பீரங்கியார் ஒரு சொல்லால் துரத்தினார். நள்ளிரவில் எவருக்கேனும் வயிற்றுவலி என்றால் மருத்துவமனைக்கு அவரே உடன் போனார். பண்ருட்டிப் பலா வரும் பருவத்தில், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வாசலில் அமர்ந்து அரிவார். சுளைகள் எல்லைக்கோடு வரை வீடு வீடாகப் போகும். மணமோ எல்லையை மதிக்காமல் எங்கள் கூடம் வரை வந்துவிடும். கடையில் பழம் வாங்கி வந்தேன். மனைவி ஒரு சுளை தின்றுவிட்டு, "அது வேற மாதிரி இருக்கும்போல" என்றாள்.

"ஏங்க, ரெண்டு வீடு முன்னால கோர்ட்டர்ஸ் மாத்தி எழுதிக் கேட்டா என்ன?"

"ஒரு பலாச்சுளைக்காகவா?"

அது சுளைக்காக அன்று என்பது இருவருக்கும் தெரியும்.

பின்பு ஒரு புயல் வந்தது. விடிந்து பார்த்தால் நகரியத்தில் நின்ற மரங்களைக் காட்டிலும் கிடந்த மரங்கள் மிகுதி. எங்கள் வீட்டு முன்னிருந்த தூங்குமூஞ்சி மரம் வாசலை அடைத்து விழுந்திருந்தது. மனைவிக்கோ முழங்கால் வலி. ஏறித் தாண்ட இயலாது. பீரங்கியார் கோடரியோடும் தெருவாரோடும் தம் வீட்டிலிருந்து மரம் வெட்டிக்கொண்டே வந்தார். எல்லைக்கோட்டில் நின்றார். செயலாளர் அவர் காதில் ஏதோ சொன்னார். பீரங்கியார் எங்கள் வீட்டை நோக்கி வாயைத் திறந்தார்.

காற்று இன்னும் ஓயவில்லை. எங்கள் பக்கமிருந்து அவர் பக்கம் அடித்தது. அவர் வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது.

"கேக்குதான்னுதான் கேக்கறாருபோல" என்றாள் மனைவி. "கேக்குதுன்னு சொல்லுங்களேன், நாமளும் எல்லைக்குள்ள வந்துடுவோம்!"

கேளாததைக் கேட்டது என்று சொல்வதற்கு என் நா எழவில்லை. ஆயினும் என்றைக்குமில்லாத ஆத்திரம் அடிவயிற்றிலிருந்து எழுந்தது. பலாச்சுளை, சிரிப்பொலி, தேவனாம்பட்டினம் எல்லாவற்றையும் ஒன்றாகத் திணித்து, வாழ்நாளில் முதன்முறையாக முழங்கினேன்:

"கேட்கவில்லை!"

அங்கே அனைவரும் திடுக்கிட்டு நின்றார்கள். பிறகு பீரங்கியார் கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகக் கோட்டைத் தாண்டி வந்தார்.

"இன்னா அண்ணே, எல்லை தாண்டிப் போறீங்க?" என்று செயலாளர் பின்னாலேயே வந்தார்.

"யோவ், நம்ம கொரலு ஐயாவுக்குக் கேக்கல. சரி. ஐயா கொரலு நமக்குக் கேட்டுச்சா இல்லியா?"

"கேட்டுச்சு."

"அவரு வுட்ட குண்டு நம்ம மேல வுழுந்துடுச்சுய்யா! இனிமே நாமதான் அவரு எல்லையில இருக்கோம்." என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "உத்தரவு குடுங்க ராஜா, மரத்த வெட்டிப்புடறோம்."

என் மனைவிதான், "வெட்டுங்கண்ணே" என்று ஆணையிட்டாள்.

அடுத்த பருவத்துப் பலாச்சுளை எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தது. கப்பம் என்றார் பீரங்கியார்.

பணி ஓய்வு பெற்றதும் அவர் குடியிருப்பைக் காலி செய்து, மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார். போன மறுநாளே வாசலில் நின்று அங்கும் முழங்கிப் பார்த்தாராம். ஒரு தெரு முழுதும் எல்லைக்குள் வந்துவிட்டதாம். அந்தத் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அத்தனை பேர் மீதும் எனக்குப் பொறாமை.